பக்கத்துக்கு ஒரு டிக்

ஐம்பத்திரண்டு நோட்டுகளை நாற்பது நிமிடத்தில் திருத்தி முடிப்பது எப்படி என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டே மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொண்டது. முதல் பத்துப் பதினைந்து நோட்டுகளில் ஒவ்வொரு கணக்காகப் பார்ப்பேன். வழி சரியா, விடை சரியா, பிள்ளை எங்கே தடுமாறியிருக்கிறது என்று தேடி, தப்பான இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவேன். அதற்குள் பாதி நேரம் ஓடியிருக்கும். அப்புறம் விடையை மட்டும் பார்ப்பேன். கடைசி இருபது நோட்டுகளுக்கு அதுவும் கிடையாது. பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் ஒரே ஒரு பெரிய டிக். அடியில் கையெழுத்து, தேதி. மனசு நன்றாக இருக்கும் நாட்களில் 'நன்று' என்று ஒரு வார்த்தை.

யாருடைய நோட்டு மேலே இருக்கும், யாருடையது அடியில் போகும் என்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வகுப்புத் தலைவி கடைசி வரிசையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டே முன்னால் வருவாள். முன்பெஞ்சு நோட்டுகள் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஓரம் மடங்காத நோட்டுகள். அந்த அடுக்கை நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் முன்பெஞ்சில் யார் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வாரத்தில் முடிவு செய்தது நான்தான்.

திருத்தணியில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு எனக்கு. முன்பெஞ்சில் ம.பொ.சி. சாலையில் கடை வைத்திருந்தவரின் மகள், தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மகன், ரயில்வேக்காரர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், மருந்துக்கடைக்காரர் பேரன். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கேட்டால் பட்டென்று பதில். பின்னால், மலையில் மொட்டை அடிப்பவரின் மகன், செங்கல் சூளையிலிருந்து வரும் அண்ணன் தம்பி, அடிவாரத்தில் பூக்கட்டி விற்பவரின் மகள். உயரப்படி உட்கார வைத்திருந்தால் அந்தப் பெண் முதல் பெஞ்சில் இருந்திருப்பாள். அவ்வளவு சின்ன உருவம். நான் அவளை ஜன்னலோரம் கடைசிக்கு முந்தின வரிசையில் வைத்தேன். இன்ன காரணம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அவளுக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை அதைக் கூப்பிட்டேன். மற்ற நேரமெல்லாம் அவள் 'பூக்காரம்மா பொண்ணு'.

கிருத்திகைதோறும் அவள் பள்ளிக்கு வர மாட்டாள். மலையில் கூட்டம் பெருகும் நாள் அது. அம்மா ஒருத்தியால் கட்டி விற்க முடியாது. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஊர் முழுக்கப் பூக்காவடி; சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் எல்லோர் விரலிலும் நார் சுற்றியிருக்கும். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரிசையாக 'வ' போட்டுக்கொண்டு போவேன். முன்னேற்ற அறிக்கையில் 'அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள்' என்று எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. எந்த நாளில் வராமல் போகிறாள் என்று காலண்டரைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். முருகன் ஊரிலேயே இருந்துகொண்டு எனக்கு அது விளங்கவில்லை.

அவள் வராத நாட்களில் நடத்தியதைத் திரும்ப ஒருமுறை அவளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதும் தோன்றவில்லை. ரயில்வேக்காரர் பிள்ளைகள் தாத்தா ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் மட்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து நடத்துவேன். அவர்களுடைய அம்மா வந்து, "மிஸ், விட்டுப்போன பாடம் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்பார். கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கேட்கத் தெரியாத வீடுகளும் இருக்கின்றன என்பதை யோசிக்கவில்லை.

பூக்காரம்மா ஒரே ஒருமுறை வந்தார். பள்ளி கேட்டுக்கு வெளியே, கூடையை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாறியதே தவிர, வீடுகளுக்குள் பேசும் மொழி மாறவில்லை. பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக, பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். "நல்லாத்தாம்மா படிக்கிறா" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகை கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் எப்படிப் படிக்கிறாள் என்று எனக்கு உண்மையில் தெரியாது. அந்தப் பூவை அன்று தலையில் வைத்துக்கொண்டுதான் வகுப்பெடுத்தேன்.

செப்டம்பர் 5 எங்கள் ஊருக்குச் சொந்தத் திருநாள் மாதிரி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் இது. அவர் குடியரசுத் தலைவரான 1962இலிருந்து நாடெங்கும் அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் மேடையில் பேசுவது நான். "இதே திருத்தணித் தெருக்களில் நடந்த ஏழைப் பையன், உதவித்தொகையிலேயே படித்து, ராஷ்டிரபதி பவனுக்குப் போனார். நீங்களும் போகலாம்" என்று முடிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். படத்துக்குப் போடும் மாலை பூக்காரம்மா வீட்டிலிருந்து வரும். அந்த ஒரு வாரம் மட்டும் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன். "மாலைக்குச் சொல்லிட்டியா? சாமந்தி வைக்கச் சொல்லு. காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும்." அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. கணக்குப் பீரியடில் எழுந்து, "டீச்சர், மாலையைப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்பாள். போய்விட்டு வா என்பேன்.

அந்த மேடைப் பேச்சை இப்போது நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. ராதாகிருஷ்ணன் வீட்டில் வசதி இல்லைதான். ஆனால் அப்பா ஜமீனில் வருவாய்க் கணக்குப் பார்த்தவர். உறவுக்காரர் ஒருவர் தான் படித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததால்தான் அவர் தத்துவமே எடுத்தார் என்பார்கள். பணம் இல்லாத வீடு வேறு, எழுத்து நுழையாத வீடு வேறு. இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்க உறவுக்காரர் வரப்போவதில்லை. வகுப்பில் நிற்கிற டீச்சர்தான் வர வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமலே இருபது வருஷம் அந்தப் பேச்சைப் பேசினேன்.

இத்தனைக்கும் நான் வசதியான வீட்டிலிருந்து வந்தவள் இல்லை. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். எட்டாவதோடு என்னை நிறுத்தித் தார் சுற்ற வைக்கலாம் என்று அப்பா முடிவெடுத்தபோது, எங்கள் தமிழ் ஐயா சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். அவர் அன்றைக்கு வராமல் போயிருந்தால் என் கையில் சிவப்புப் பேனாவே இருந்திருக்காது. என்னை ஒருவர் கண்ணெடுத்துப் பார்த்ததால் வந்தவள் நான். வந்து சேர்ந்ததும் என் கண் முன்பெஞ்சோடு நின்றுவிட்டது.

ஐந்தாவது முடித்து அவள் வேறு வகுப்புக்குப் போனாள். பிறகு வேறு பள்ளி. பத்தாவதில் கணக்கில் போய்விட்டது என்று யாரோ சொல்லக் கேட்டேன். அப்படியா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

2017இல் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மலைக்குப் போகப் பூ வாங்க அடிவாரத்தில் நின்றேன். "டீச்சர்! நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் மகள். என்னைவிட உயரம் இப்போது. விரல்கள் பேசுவதற்காக நிற்கவில்லை, பூவை எடுப்பதும் நாரைச் சுற்றுவதுமாக ஓடிக்கொண்டே இருந்தன. ஒரே நேரத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் முல்லை மூன்று முழமும் கதம்பம் ஒன்றும் வாங்கி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவள் என்னிடம் பேச்சை நிறுத்தாமலே மீதியை எண்ணிக் கொடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் க்ரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்தான். நாலாவது படிக்கிறானாம். எங்கே பிள்ளை எழுதிக்கொண்டிருந்தாலும் எட்டிப் பார்க்கிற பழக்கம் ஆசிரியர்களுக்குப் போகாது. எட்டிப் பார்த்தேன். வகுத்தல் கணக்கு. 824ஐ 8ஆல் வகுக்க வேண்டும். ஈவு 13 என்று எழுதியிருந்தான்.

முதல் 8இல் 8 ஒருமுறை போகும். அடுத்து 2 இறங்கும். 2இல் 8 போகாது. அங்கே ஈவில் ஒரு பூஜ்ஜியம் போட்டுவிட்டு, அப்புறம் 4ஐ இறக்க வேண்டும். அவன் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு நேராக 24க்குப் போய்விட்டான். நூறும் மூன்றும் வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று. வகுத்தல் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. ஒரே ஒரு தடவை கையைப் பிடித்துக் காட்டினால் தாண்டிவிடுவார்கள்.

"யாருப்பா இப்படிப் போடச் சொன்னது?" என்றேன்.

"நான்தான் டீச்சர்" என்றாள் அவள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அந்த நோட்டை இன்னும் வெச்சிருக்கேன்."

நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "எண்ணூத்தி இருபத்தி நாலு ரூபாயை எட்டுப் பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டேன்.

"நூத்தி மூணு."

நார் ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் திரும்பி மகனுடைய நோட்டைப் பார்த்தாள். 824. 8. 13. மறுபடியும் பார்த்தாள். பூக்கட்டுகிற விரல்கள் நின்றுவிட்டன. எடுத்த முல்லை மொட்டு ஒன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. யாரோ வந்து, "மல்லி முழம் எவ்வளவும்மா?" என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை. படிக்கட்டுப் பக்கமிருந்து அரோகரா என்று ஒரு கூட்டம் குரல் கொடுத்துக்கொண்டு ஏறிப் போயிற்று.

"அப்போ இது…" என்றாள். மேலே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பையன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரப்பரை எடுத்தான்.

அடுத்த வாரம் அந்த நோட்டைப் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தாள், பிளாஸ்டிக் கவரில் சுற்றி. மற்ற நோட்டுகள் எல்லாம் பூப் பொட்டலம் கட்டப் போய்விட்டனவாம். இதை மட்டும் அம்மா போட விடவில்லையாம். டீச்சர் 'நன்று' எழுதின நோட்டு என்று டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம்.

1998 ஆகஸ்ட். ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த வாரம். அந்தப் பக்கத்தில் ஐந்து வகுத்தல் கணக்குகள். 846ஐ 2ஆல், 955ஐ 5ஆல் வகுத்தது சரி. 618ஐ 6ஆல் வகுத்து 13. 735ஐ 7ஆல் வகுத்து 15. 927ஐ 9ஆல் வகுத்து 13. நடுவில் பூஜ்ஜியம் வருகிற மூன்றுமே தப்பு. ஈவில் பூஜ்ஜியம் வரும் கணக்கை வகுப்பில் நடத்திய வாரம் அவள் பூக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த வழியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த ஐந்தின்மேலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என்னுடைய பெரிய டிக். கீழே 'நன்று'. என் கையெழுத்து.

அதற்குப் பிறகு அவளுக்கு எத்தனையோ ஆசிரியர்கள். யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று சொல்லி நான் நகர்ந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் 29 வாங்கினாள், மறுபடி எழுதி 31, அதற்குமேல் எழுதவில்லை. அந்த ஒரு பூஜ்ஜியத்தால்தான் என்று சொன்னால் அது பொய். ஆனால் தப்பு என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் யாரையாவது கேட்டிருப்பாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது நான். அவளும் நம்பினாள், அவள் அம்மாவும் நம்பினார்.

என் அண்ணன் மகள் எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இதைச் சொல்லி அழுதபோது, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள், கறுப்பின ஆசிரியை. ரே ரிஸ்ட் என்பவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து 1970இல் எழுதியது. பள்ளி திறந்த எட்டாவது நாளே அந்த ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார். நல்ல உடுப்பும் வீட்டில் ஓரளவு வசதியும் உள்ளவர்கள் பக்கத்து மேசையில். மற்றவர்கள் தூரத்தில். பரீட்சை எதுவும் வைக்கவில்லை. இரண்டாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பிரிவினை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. நம் நாட்டிலும் விடைத்தாளின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதித் திருத்தக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் ரேமா ஹன்னா, லீ லிண்டன் வெளியிட்ட ஆய்வு. கீழ்ச்சாதி என்று எழுதிய தாள்களுக்குக் கொஞ்சம் மார்க் குறைந்திருக்கிறது. அதிகம் குறைத்தவர்கள் அதே சமூகங்களிலிருந்து வந்த ஆசிரியர்கள்தானாம். அந்த இடத்தில் என்னால் மேலே கேட்க முடியவில்லை. தறி வீட்டுத் திண்ணையும் தமிழ் ஐயாவின் சைக்கிளும்தான் கண்முன் வந்தன.

ஓய்வு பெற்ற பிறகு, 2025இல் ஒரு செய்தி படித்தேன். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதியது. சாமான் வாங்கினால் மனக்கணக்காகவே மீதி சொல்கிற பிள்ளைகள், அதே அளவுக் கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளியில் மட்டும் படிக்கிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். எனக்கு அது செய்தியாகவே படவில்லை. முல்லை மொட்டோடு நின்ற அந்த விரல்கள்தான் தெரிந்தன. கடையில் அவளுக்குத் தெரிந்த நூற்று மூன்றுக்கும் நோட்டில் இருந்த பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அவள் பள்ளிக்குக் கொண்டுவந்த அந்த நோட்டை அன்றே திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கணக்குக் கணக்காக. தப்பான இடத்தில் வட்டம், பக்கத்தில் சரியான வழி, எதனால் தப்பானது என்று ஒரு வரி. மூன்று ராத்திரி ஆயிற்று. பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளையின் நோட்டை முழுதாகப் படித்தபோது தெரிந்தது, அவள் தப்பையும் ஒரு ஒழுங்கோடுதான் போட்டிருந்தாள். யோசிக்கிற பிள்ளைதான் அப்படித் தப்புப் போட முடியும்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பூக்கூடையை நகர்த்திவிட்டு, மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். இடையில் ஒருவருக்கு இரண்டு முழம் அளந்து கிள்ளிக் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பையன் அவள் தோள்மேல் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இவ்ளோ தப்புப் போட்டிருக்கியா நீ?"

"ஆமாண்டா" என்றாள். "டீச்சர் இப்பத்தான் பாத்தாங்க."